உண்ணியின் பஞ்சாங்கம்

ஏற்காட்டுக் குளிருக்கு உண்ணி தாங்காது என்றொரு நம்பிக்கை, ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்காகச் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலையேறி வருகிறவர்களிடம் வெகுகாலமாக இருந்து வருகிறது. கீழே வெயிலில் உண்ணியோடு மல்லாடிய நாயை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சுமார் 5000 அடி உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்தத் தொல்லை அடிவாரத்தோடு நின்றுவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நான் 1980களின் தொடக்கத்தில் அரசாங்கக் கால்நடை மருத்துவனாக இவ்வூருக்கு வந்து, பின்பு வாழப்பாடி, ஆத்தூர் என்று மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடியும் இங்கேயே வந்து தங்கிவிட்டவன். இவ்விரண்டு காலங்களுக்கும் இடையே மருந்துகள் எத்தனையோ மாறின. நாய்களின் ஜாதிகள் மாறின. அவற்றை வளர்க்கிறவர்களின் தோரணையும் மாறிற்று. அந்த நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நாயைப் பற்றுகிற உண்ணி ஒரே வகையானதன்று. காப்பித் தோட்டத்து வேலியோரங்களிலும், உண்ணிச்செடி புதராய் மண்டிக் கிடக்கும் தரிசுகளிலும், மாடும் முயலும் காட்டுப்பன்றியும் நடமாடும் புல்வெளிகளிலும் காத்திருந்து, அவ்வழியே போகிற நாயின் காதுமடலிலும் கண்ணிமையிலும் கால்விரலிடுக்கிலும் தொற்றிக்கொள்வது புல் உண்ணி. ஹீமாபைசாலிஸ் என்ற இனத்தைச் சேர்ந்த இது புறவெளியின் பிராணி. மற்றொன்று ரைபிசெபாலஸ் சாங்குனியஸ் என்று சாஸ்திரம் பெயரிட்டிருக்கும் பழுப்பு நாய் உண்ணி. உலகத்தின் உஷ்ணப் பிரதேசங்களிலெல்லாம் நாயோடு கூடவே குடியேறிவிட்ட இது வீட்டுக்குள்ளேயே பிறந்து, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, வெளியுலகத்தைக் காணாமலேயே தன் வம்சத்தைப் பெருக்கவல்லது. ஏற்காட்டின் மார்கழிக் குளிர் புல் உண்ணியை ஓரளவு ஒடுக்குவது மெய்யே. ஆனால் அடுப்பெரியும் குசினியிலும், கணப்பு மூட்டிய பங்களாக் கூடத்திலும் வாசம் செய்கிற பழுப்பு உண்ணிக்கு மார்கழி ஏது, சித்திரை ஏது?

இந்தப் பழுப்பு உண்ணியின் காலக்கணக்கைத் தெரிந்துகொள்ளாதவர் அதை ஒருநாளும் ஒழிக்க முடியாது என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த முதற்பாடம். ஒரு பெண் உண்ணி நாயின் இரத்தத்தை ஒரு வாரத்துக்கு மேல் உறிஞ்சி, ஆமணக்கு விதைபோல் ஊதிப்பருத்து, தானாகவே கீழே விழுந்து, சுவரின் விரிசலையோ பலகையின் இடுக்கையோ தேடிச் சென்று, அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. சுமார் மூன்று வாரத்தில் முட்டை பொரிந்து ஆறு கால்களோடு வெளிவரும் பூச்சி, கடுகினும் சிறிய உருவத்தோடு நாயைத் தேடிப் போய்ச் சில நாள் இரத்தம் குடித்து மறுபடியும் கீழே இறங்கி, தோலுரித்து, எட்டுக் கால்கள் பெறுகிறது. பின்பு இரண்டாம் முறையாக நாயின்மேல் ஏறி, உண்டு, இறங்கி, தோலுரித்து, முதிர்ந்த உண்ணியாகிறது; மூன்றாம் முறை ஏறும்போதுதான் நம் கண்ணுக்கு அது உண்ணியாகத் தென்படுகிறது. ஆக, தன் ஆயுளில் மிகச் சொற்பமான நாட்களே அது நாயின்மேல் இருக்கிறது. எஞ்சிய காலமெல்லாம் சுவரில் இருக்கிறது. உஷ்ணமான வீட்டில் இந்தச் சக்கரம் ஒருமுறை சுழன்று முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகாரமே கிடைக்காவிட்டாலும் முதிர்ந்த உண்ணி பல மாதம், சில சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும், உயிரோடு காத்துக்கிடக்கும்.

இந்த மலையில் 1820களில் சேலத்துக் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து பயிராக்கியதிலிருந்து தோட்டங்களும், தோட்டங்களோடு பங்களாக்களும், பங்களாக்களோடு சீமை நாய்களும் பெருகின. நான் வந்தபோது அந்தப் பங்களாக்களில் ஒன்றிலிருந்து அடிக்கடி ஆள் வந்துகொண்டிருந்தார். அல்சேஷன் நாய்கள் இரண்டு. வாரந்தவறாமல் மருந்துக் குளியல். குளித்த அன்று சுத்தமாயிருக்கும் நாயின்மேல் ஐந்தாறு நாட்களில் மறுபடியும் உண்ணி. தோட்டத்து ரைட்டர், மருந்தில் கலப்படம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சேலத்தில் வேறு கடையில் வாங்கி வரலாமா என்று என்னைக் கேட்டார். நான் நேரில் போய்ப் பார்க்கலாமென்று புறப்பட்டேன். அங்கே நாய்களைப் பராமரித்துக்கொண்டிருந்த முதியவர், துரைமார் காலத்திலேயே சிறு பையனாக வேலைக்குச் சேர்ந்தவர், நான் நாயைத் தொடுவதற்கு முன்பே, “நாயை அப்புறம் பார்த்துக்கலாங்கய்யா, முதல்ல செவுத்தைப் பாருங்க” என்று என்னை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

பழுப்பு உண்ணிக்கு மேல்நோக்கி ஏறுகிற சுபாவம் உண்டு. அவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் உண்ணிகள் குஞ்சும் கிழமுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நாய்கள் படுக்கும் மூலைக்கு நேர் மேலே, மரப்பலகை வேய்ந்த உட்கூரையின் இணைப்புகளில், முட்டைக் குவியல்கள் தவிட்டு நிறத்தில் அப்பிக்கிடந்தன. வாராவாரம் நாயைக் குளிப்பாட்டியவர்கள் நாயின்மேல் அன்றைக்கு இருந்த உண்ணிகளை மாத்திரம் கொன்றார்களேயன்றி, அடுத்த வாரம் ஏறுவதற்காகச் சுவரில் காத்திருந்தவற்றைத் தீண்டவேயில்லை. தம் இளமையில், நாய்க்கொட்டிலின் கற்சுவர் இடுக்குகளில் மண்ணெண்ணெய் விளக்கின் தீயை ஊதிக் காட்டி, அது ஆறியபின் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்து, அதே வேலையை மூன்று வாரத்துக்கொருமுறை மூன்று தடவை செய்வது வழக்கமென்று அந்த முதியவர் சொன்னார். முட்டை பொரிவதற்கு மூன்று வாரமாகும் என்று அவர் எந்தப் புஸ்தகத்திலும் படித்தவரல்லர். ஆனாலும் அவருடைய கணக்கும் புஸ்தகத்தின் கணக்கும் ஒன்றாயிருந்தன. கொட்டிலில் அம்முறையையே கையாண்டோம். மரக்கூரைக்குத் தீ ஆகாதென்பதால் கூடத்தில் இடுக்குகளைத் துடைத்து மருந்தடித்து, மெழுகு வைத்து அடைத்தோம். அந்த வருஷத்துக் காப்பிப் பழம் எடுத்து முடிவதற்குள் பங்களாவில் உண்ணி இல்லாமற்போயிற்று.

அக்காலத்தில் இம்மலையில் உண்ணிக்கென்று பொதுஜனங்கள் பெரும்பாலும் நாடிய ஔஷதம் ஒன்று. அதுவும் நாய்க்காக வந்ததன்று. காப்பிச் செடியைக் குடைந்து அழிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டுக்காகத் தோட்டங்களில் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியைத் தண்டுகளில் பூசுவது வழக்கமாயிருந்தபடியால், அந்தப் பொடி ஒவ்வொரு தோட்டத்துக் கிடங்கிலும் மூட்டை மூட்டையாய் இருந்தது. அதில் ஒரு கை அள்ளி நாயின் முதுகில் தேய்த்துவிடுவது மிகச் சுலபமான காரியமாகவும் இருந்தது. உண்ணி சாவது உண்மைதான். ஆனால் நாய் தன் உடம்பைத் தானே நக்கும் பிராணியாகையால், தேய்த்த பொடியில் ஒரு பங்கு அதன் வயிற்றுக்குள்ளும் போயிற்று. இராத்திரி வேளையில் வலிப்பு வந்து கால்களை உதைத்துக்கொண்டு, வாயில் நுரை தள்ளக் கொண்டுவரப்பட்ட நாய்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சோப்புத் தண்ணீரில் மேலெல்லாம் கழுவி, வலிப்பை அடக்கும் ஊசியைப் போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 1997இல் பி.எச்.சி. நம் தேசத்தில் தடை செய்யப்பட்டது. தடை செய்யப்பட்ட பின்பும் கிடங்குகளில் மிஞ்சியிருந்த பொடி தீர்வதற்கு மேலும் சில வருஷங்கள் ஆயின.

அதற்குப்பின் வந்தவை டெல்டாமெத்ரினும் அமிட்ராஸும். மாட்டு உண்ணிக்காக வாங்கிய பூட்டாக்ஸ் புட்டியிலிருந்தே நாய்க்கும் ஊற்றிக்கொள்ளுகிற பழக்கம் மலைக்கிராமங்களில் பரவியது. புட்டியின் மூடியையே அளவாகக்கொண்டு, ஒரு வாளிக்கு ஒரு மூடி என்று சிலரும், உண்ணி அதிகமென்றால் இரண்டு மூடி என்று சிலரும் பிரயோகித்தார்கள். அளவு குறைந்தால் சாகாமல் தப்பிய உண்ணிகள் அம்மருந்துக்குப் பழகிப்போகின்றன. அளவு மிஞ்சினால் நாய் தள்ளாடுகிறது. அமிட்ராஸில் குளித்த நாய் தூங்கி வழிந்து, நாடித்துடிப்பு மந்தமாகி, எழுப்பினாலும் எழாமல் கிடப்பதைக் கண்டு நாயே செத்துவிட்டதென்று அழுதவர்களும் உண்டு.

பூனைகளைப் பற்றி இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். பூனை தன் உடம்பை இடைவிடாமல் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால் அதன்மேல் உண்ணி தங்குவது அபூர்வம். தங்கினாலும் காதுக்குள்ளோ கழுத்தின் பின்புறத்திலோ ஒன்றிரண்டு இருக்கும், இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆனால் நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தை, மீதியிருக்கிறதே என்று பூனைக்கும் ஒரு சொட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாயின் ஈரல் சுலபமாக முறித்துவிடும் அந்த மருந்தைப் பூனையின் ஈரல் முறிக்க அறியாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், பின்பு தேகம் முழுவதும் நடுங்கும், பின்பு வலிப்பு. நாய் மருந்து பூனைக்கு ஆகாது என்பதை மருந்துச்சீட்டின் தலைப்பிலேயே எழுதிக் கொடுப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்கு மாட்டுக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் நான் கவனித்த ஒரு விஷயம், அங்கே ஆட்டுக்குக் காவலாய்த் திரியும் நாட்டு நாய்களின்மேல் புல் உண்ணி மிகுதியாயிருந்தபோதிலும், பழுப்பு உண்ணி அவர்களுடைய வீட்டுக்குள் பெருகிக் காணப்பட்டதில்லை என்பதே. மண்சுவரையும் தரையையும் அவர்கள் அடிக்கடி சாணமிட்டு மெழுகுகிறார்கள். விரிசல் பெரிதாவதற்குமுன் அது மூடப்பட்டுவிடுகிறது. வாசலில் மேயும் கோழிகள், கொழுத்து விழும் உண்ணியைக் கொத்தித் தின்றுவிடுகின்றன. நாயும் உள்ளே படுப்பதில்லை. வசம்பும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிற வழக்கம் நாட்டுப்புறத்தில் பழையது. பிற்காலத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே இவற்றோடு பூண்டு, துளசி, உண்ணிச்செடியின் இலை ஆகியவற்றையும் சேர்த்து, மாட்டு உண்ணிக்கு ஒரு மூலிகைத் தெளிப்பாகச் சிபாரிசு செய்ததைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. ஆயினும் அப்பழங்குடியினரின் நாய்கள் வியாதியே அறியாதவை என்று சொல்வது மிகையாகும். குட்டிப்பருவத்திலேயே உண்ணி ஜுரம் வந்து பல மாண்டுபோகின்றன. பிழைத்தவற்றின் இரத்தத்தில் கிருமி தங்கியிருந்தும் அது வெளிப்படாமல் அவை காலந்தள்ளுகின்றன. நாம் காண்பது பிழைத்தவற்றை மட்டுந்தான்.

உண்ணி என்றால் சொறிச்சல் என்றே எண்ணுகிற எஜமானர்களுக்கு, அது சுமந்து வரும் வியாதிகளை விளங்கவைப்பது என் தொழிலில் மிகவும் பிரயாசையான பகுதியாயிருந்தது. இந்தச் சரித்திரத்தில் நம் ராஜதானிக்கே ஓர் இடமுண்டு. மெட்ராஸ் ஹன்ட் என்று பெயர்பெற்ற ஆங்கிலேயரின் வேட்டைக் கழகத்து நாய்களின் இரத்தத்திலும், அவை துரத்திய குள்ளநரியின் இரத்தத்திலும் ஒரு நுண்ணிய கிருமியை 1910இல் டபிள்யூ. எஸ். பாட்டன் என்பவர் கண்டு எழுதினார். பபேசியா கிப்சோனி என்று இன்று உலகமெங்கும் வழங்கும் அக்கிருமி முதன்முதலாக விவரிக்கப்பட்டது சென்னையில்தான். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதைப் பாடமாகக் கேட்டபோது பரீட்சைக்கு வேண்டிய செய்தியாகவே அது பட்டது. இம்மலைக்கு வந்து, காதுநுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழே சிவப்பணுவுக்குள் அந்தச் சிறு வளையத்தைக் கண்டபோதுதான் பாடம் பிரத்தியட்சமாயிற்று.

“நாய் காப்பித்தண்ணி கலர்ல மூத்திரம் போகுதுங்கய்யா” என்று காப்பித் தோட்டத்துக்காரர்கள் வந்து சொல்லும்போது, நோயின் பெயர் பாதி தெரிந்துவிடும். சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரோடு போகின்றன. ஈறு வெளுத்து, கண் மஞ்சளித்து, நாய் மூச்சிரைக்கிறது. பபேசியாவிலும் பெரியது, சிறியது என்று இரண்டுண்டு. பெரியதற்குப் பெரனில் ஊசி நன்றாகக் கேட்கும். பாட்டன் கண்ட சிறியதற்கு அது சரியாகக் கேட்பதில்லை. ஊசி போட்டுத் தேறி வீட்டுக்குப் போன நாய் மாதம் கழித்து மறுபடியும் வெளுத்துப்போய்த் திரும்பி வருவதன் ரகசியம் பல சமயங்களில் இதுவே. அதற்கென்று அடோவாகுவோனையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து பத்து நாள் கொடுக்கிற சிகிச்சை பிற்பாடு வந்தது. விலைதான் ஏழைகளுக்கு எட்டாதது.

எர்லிக்கியா என்ற கிருமி வேறு விதமானது. 1935இல் அல்ஜீரியாவில் கண்டுபிடிக்கப்பட்ட இது, 1960களின் பிற்பகுதியில் வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படையின் நாய்களை நூற்றுக்கணக்கில் பலிகொண்டது. அவற்றில் பெரும்பாலானவை அல்சேஷன்கள். ஏற்காட்டுப் பங்களாக்களிலும் அல்சேஷனே அக்காலத்தில் பிரியமான ஜாதியாயிருந்தமையால், மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் ஒழுக வந்த நாய்களை நானும் கணிசமாகப் பார்த்தேன். இதற்கு டாக்சிசைக்ளின் நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் 28 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்னத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் மாத்திரை நின்றுவிடும். எஞ்சிய கிருமி எலும்பின் மஜ்ஜையில் ஒளிந்திருந்து, மாதங்களோ வருஷங்களோ கழித்து வெளிப்படும்போது அதை மீட்பது மிகவும் கடினம். இன்று சில நிமிஷங்களில் விடை சொல்லும் பரிசோதனை அட்டைகள் கிடைக்கின்றன. நாமக்கல் கல்லூரிக்கு இரத்தத்தை அனுப்பினால் கிருமியின் மரபணுவையே பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நோயைக் கண்டறிவது சுலபமாகிவிட்டது. 28 நாள் பொறுமை மட்டும் எந்தக் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை.

நாயின் உண்ணி மனிதருக்கு என்ன செய்யும் என்று கேட்காதவர் இல்லை. பழுப்பு உண்ணி மனிதரையும் கடிக்கும். மனிதருக்கு வருகிற ஒரு வகை டைபஸ் ஜுரத்தை அது கொடுக்கவல்லது. ஆகையால் கொழுத்த உண்ணியை நகத்தால் நசுக்குவது கூடாது. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் பீடி நெருப்பால் சுடுவதும் உண்ணியை எரிச்சலூட்டி, அதன் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கச் செய்யும். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா ஜில்லாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து வெளிப்பட்ட குரங்குக் காய்ச்சலைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தம் வீட்டு நாயை விரட்டப் பார்த்தவர்களும் உண்டு. அது ஹீமாபைசாலிஸ் இனத்துக் காட்டு உண்ணியால் பரவுவதேயன்றி, சோபாவின் அடியில் வாழும் பழுப்பு உண்ணியால் பரவுவதன்று. புதரில் நடந்தவர்களுக்கு உடம்பில் கருப்புப் பொருக்கோடு வருகிற ஸ்க்ரப் டைபஸ் ஜுரமும் உண்ணியால் வருவதன்று. அதைக் கொடுப்பது அதனினும் நுண்ணிய வேறொரு பூச்சி. எதுவானாலும் ஜுரம் கண்டவர், நாயையும் புதரையும் பற்றித் தம் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அவருக்கு அந்த நினைவு வரும்.

ஓய்வுபெற்று நான் திரும்பி வந்தபோது ஊர் வேறாயிருந்தது. பங்களாக்கள் பல விருந்தினர் விடுதிகளாயின. நாயோடு வந்து தங்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். சனிக்கிழமை மாலையில் பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் லாப்ரடார்களும் ஹஸ்கிகளும் காரில் வந்து இறங்குகின்றன. மே மாதத்துக் கோடை விழாவில் நாய்கள் கண்காட்சி நடக்கும்போது, அலங்காரமாய் நிற்கும் நாய்களில் சிலவற்றின் காதுமடலை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். ஒரு நாய் விட்டுச்செல்லும் பெண் உண்ணி, அதே அறையில் அடுத்தடுத்துத் தங்கப்போகும் நாய்களுக்காகச் சுவரில் குடும்பம் வைக்கிறது; முட்டையைக் கொண்டுவந்த விருந்தாளி ஒருவர், குஞ்சைப் பெறுகிற விருந்தாளி வேறொருவர். விடுதிக்காரருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிகிறது.

மருந்தோ, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நல்லது. முதலில் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வந்தது. பின்பு அஃபாக்சோலனர், ஃப்ளூரலனர் என்ற மாத்திரைகள் வந்தன. ஒரு மாத்திரை ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ நாயின் இரத்தத்தில் தங்கி, கடிக்கிற உண்ணியைக் கொன்றுவிடுகிறது. வலிப்பு நோயுள்ள நாய்க்கு மட்டும் யோசித்துக் கொடுக்க வேண்டும். ஆயினும் உண்ணி கடித்த பின்புதான் இம்மருந்து வேலை செய்யும் என்பதை எடுத்துச் சொல்லியாக வேண்டும். பபேசியா நாயின் உடம்புக்குள் புக இரண்டு நாள் ஆவதால் அதற்குமுன் உண்ணி செத்துவிடும். எர்லிக்கியாவோ கடித்த சில மணி நேரத்திலேயே புகுந்துவிடும். மாத்திரை கொடுத்திருக்கிறோமே என்று சுவரை மறந்தவர்கள் இந்த வகையில் ஏமாந்துபோகிறார்கள்.

சென்ற வருஷம் என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர், இத்தனை நல்ல மாத்திரை இருக்கும்போது சுண்ணாம்பையும் சட்டத்தின் பின்புறத்தையும் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் ஐயா என்று கேட்டார். மாத்திரை உண்டதனால் நாயே வீட்டிலுள்ள உண்ணிகளுக்குப் பொறியாகிறது. சுவரிலிருந்து இறங்கி ஏறுகிற ஒவ்வொன்றும் செத்துக்கொண்டே வரும். ஆனால் கடைசி முட்டை பொரிந்து, கடைசிக் குஞ்சும் ஏறிச் சாகும் வரையில் பொறி ஒரு நாளும் ஓயக்கூடாது. முதல் மாதத்தில் உண்ணி தெரியவில்லையென்று இரண்டாம் மாத்திரையை நிறுத்துகிறவர் பொறியைப் பாதியிலேயே எடுத்துவிடுகிறார். சுவரைத் துப்புரவு செய்வதனால் அந்தக் காலம் குறைகிறது, கடிபடும் எண்ணிக்கையும் குறைகிறது. ஆகவே மருந்துச்சீட்டில் மாத்திரையின் பெயருக்குக் கீழே மூன்று மாதத்துக்கு அப்பாலுள்ள ஒரு தேதியை எழுதி, அதைச் சுற்றி வட்டமிட்டுக் கொடுக்கும்படி அவரிடம் சொன்னேன். அந்தத் தேதியில் உண்ணியே இல்லாத நாயை யாராவது அழைத்து வந்தால் அவரிடம் கட்டணம் வாங்க வேண்டாமென்றும் சொல்லியிருக்கிறேன். வைத்தியர் சொன்னதைக் கடைசிவரை செய்தவருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?